பால் பண்ணை வாங்கும்போது: கொட்டகை முக்கியமா, தண்ணீர் முக்கியமா?

பாசன வசதியோடு விற்பனைக்கு வரும் பால் பண்ணைகளில் இரண்டு ரகம் அடிக்கடி கண்ணில் படும். ஒன்றில் புதுக் கொட்டகை, கறவைக்கூடம், பால் குளிரூட்டும் தொட்டி எல்லாம் பளிச்சென்று இருக்கும். கிணற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் இழுக்கும். இன்னொன்றில் தண்ணீரும் மண்ணும் அருமை, கொட்டகைதான் ஓட்டை உடைசல். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

"மாட்டுக்குத் தண்ணீர் தாராளமாக இருக்கிறது" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நன்றாகக் கறக்கும் மாடு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 100 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மாட்டுக்கு 10,000 லிட்டர். இப்போது தீவனத்துக்கு வாருங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே 10,000 லிட்டர். கடும் வெயிலில் பயிருக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று எடுத்தால்கூட, 10 ஹெக்டேருக்கு 5 லட்சம் லிட்டர் வேண்டும். மாடு குடிப்பதைப் போல 50 மடங்கு! தெளிப்பானில் போகும் தண்ணீரில் முக்கால் பங்குதான் பயிருக்குச் சேரும் என்றால், ஏறத்தாழ 6.7 லட்சம் லிட்டர் இறைக்க வேண்டும். மோட்டார் 16 மணி நேரம் ஓடினாலும் மணிக்குச் சுமார் 42,000 லிட்டர் வந்தாக வேண்டும். அது வராவிட்டால் தீவனத்தை வெளியில் வாங்க வேண்டியதுதான். பாலுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது என்பதால், லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

அதனால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதாது. கோடையில், ஒரு முழு நாளாவது ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வாய்க்கால் பாசனம் என்றால், தண்ணீர் உரிமையும் நிலத்தோடு சேர்ந்து வருகிறதா என்று பத்திரத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் படுகையில் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிந்து தனியாகவே விற்கப்படுகிறது. அங்கே நிலத்தை வாங்கினால் தண்ணீரும் கூடவே வரும் என்று நினைக்க முடியாது.

அப்புறம் உப்பு. வயலின் ஓரங்களிலும் வரப்பு மேட்டிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்பதை அதன் மின்கடத்துத்திறனை வைத்து அளப்பார்கள். அது மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே குதிரைமசாலின் விளைச்சல் குறையத் தொடங்கும். அருகம்புல் கிட்டத்தட்ட 7 வரை தாங்கும். ஆக, உப்பேறிய நிலத்தில் எந்தத் தீவனம் போடுவது என்பதை உங்களுக்குப் பதில் மண்ணே முடிவு செய்துவிடும்.

கட்டடம், இயந்திரம் பக்கம் இவ்வளவு கவலை வேண்டாம். கறவை இயந்திரத்தின் ரப்பர் லைனரை, அதாவது மாட்டின் காம்பில் மாட்டும் ரப்பர் குழாயை, கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வெடிப்போ சொரசொரப்போ இருந்தால் பராமரிப்பு சரியில்லை, மந்தையில் மடிநோய் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். சாதாரண ரப்பர் லைனரை 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் 10 மாட்டைக் கறக்கும் இயந்திரத்தில் 100 மாட்டை இரண்டு வேளை கறந்தால் நாலு மாதத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். பாலை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கும் தொட்டி வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் அதை இழுக்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் பணம் கொடுத்தால் சரியாகிற விஷயங்கள். வற்றிய ஊற்றுக்கு அந்த வழி இல்லை.

சாணம், கழுவுநீர் வசதி மட்டும் இதற்கு விலக்கு. கழுவுநீர்க் குட்டை கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்து, கசியவும் செய்தால், நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். நான் தேர்ந்தெடுத்த பழைய பண்ணையில் அப்படி இருந்தால் தயங்காமல் விலகிவிடுவேன். அதேபோல, சுற்றிலும் தீவனம் மலிவாக ஆண்டு முழுவதும் கிடைக்கும் இடம், நல்ல கறவை மந்தையும் விலையோடு சேர்ந்தே வருகிறது என்றால், அந்தப் பளிச்சென்ற பண்ணையை வாங்குவதிலும் தப்பில்லை.