ஏஞ்சலா, தங்கமீனா, மோலியா? போர் தண்ணீர் வீட்டுத் தொட்டிக்கு எது சரிப்படும்

சென்னை கொளத்தூர் பக்கம் மீன் கடைகளில் எந்த இரண்டு மீனைக் காட்டிக் கேட்டாலும் “சேர்ந்து இருக்கும் சார்” என்றுதான் பதில் வரும். கடைத் தொட்டியில் கிடக்கும் நாலைந்து நாளைக்கு அது சரியாகவும் இருக்கும். வீட்டில் வருஷக்கணக்கில் சேர்ந்து இருக்க வேண்டுமே, அதுதான் கேள்வி.

எங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் கல்லும் போக சுமார் 110 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதற்கு மூன்று கூட்டணிகளை யோசித்தோம். ஏஞ்சலும் டெட்ராவும், தங்கமீன் மட்டும், இல்லையென்றால் மோலி, பிளாட்டி, ஸீப்ரா டேனியோ. மூன்றாவதைத்தான் எடுத்தோம். சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தங்கமீனை முதலில் கழித்துவிடலாம். அது குளிர்ந்த தண்ணீர் மீன், 20 டிகிரியை ஒட்டிய வெப்பம்தான் அதற்குச் சுகம். இங்கே மே மாதம் தொட்டித் தண்ணீர் சர்வசாதாரணமாக 30 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் சூடாக ஆக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடும். போதாததற்கு, தங்கமீன் சாப்பாட்டிலும் கழிவிலும் மற்ற மீன்களைவிட ஒரு படி மேல். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் கதை வேறு.

ஏஞ்சல் அப்படி எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. துடுப்பை விரித்துக்கொண்டு அது அசையாமல் நிற்கும் அழகு வேறு எந்த மீனிடமும் இல்லை. சூட்டையும் தாங்கும். ஆனால் கடையில் ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கும் குஞ்சைப் பார்த்துவிட்டு, கூடவே நியான் டெட்ரா ஒரு பத்தையும் வாங்கிவருவதுதான் வழக்கம். சில மாதம் ஒரு பிரச்சினையும் இருக்காது. ஏஞ்சல் வளர்ந்த பிறகு நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஏஞ்சலைக் குறை சொல்லி என்ன பயன்? வாய்க்குள் போகும் சிறு உயிர்களைத் தின்பது அதன் இயல்பு. நியானுக்குப் பதில் உடம்பு அகலமான விடோ டெட்ராவை வைக்கலாம், வாய்க்குள் போகாது. ஆனால் அதில் சில, ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துப் பார்க்கும். டைகர் பார்ப் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, இதையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: வாரா வாரம் மாற்ற வேண்டிய அந்த இரண்டு பக்கெட் தண்ணீர் எங்கிருந்து வரும்?

110 லிட்டர் தொட்டியில் வாரத்துக்குக் கால் பங்கு மாற்றினால் கிட்டத்தட்ட 28 லிட்டர். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும், குழாய் முனையில் சுண்ணாம்பு பூத்திருக்கும். மீன் வளர்ப்பவர்கள் கடினத் தண்ணீர் என்று சொல்வது இதைத்தான். நியான் டெட்ராவோ அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் வாழ்ந்த இனம். அதற்காக ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துக் கொட்டும். கோடையில் குடத்தை எண்ணிப் புழங்கும் ஊரில் இதை வாரா வாரம் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

செலவைவிடப் பெரிய சிக்கல், ஒரே மாதிரி கலப்பது. ஒரு வாரம் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவோம். அடுத்த வாரம் வீட்டில் விருந்தாளி, ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கவே சரியாக இருக்கும், அவசரத்துக்குப் போர் தண்ணீரை அப்படியே ஊற்றுவோம். இப்படி ஏறி இறங்கும் தண்ணீர்தான் மென்மையான தண்ணீர் மீன்களை வாட்டும். உள்ளூர்ப் பண்ணையில் பிறந்த ஏஞ்சல் ஓரளவு கடினத் தண்ணீருக்குப் பழகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நண்பர் வீட்டில் அப்படி நன்றாகவே இருக்கிறது. நான் வளர்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மோலிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில், கடலோர உப்பங்கழிகளில்கூட வாழும் குடும்பம் அது. கடினத் தண்ணீர் அதற்கு மருந்து மாதிரி. மென்மையான தண்ணீரில் வைத்தால்தான் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். வாங்கும்போது அப்படி ஆடும் மீனை எடுக்காதீர்கள். “மோலிக்கு உப்பு போடணும்” என்று கடையில் சொல்வார்கள். போர் தண்ணீருக்கு அது தேவையில்லை, செடிகள் இருந்தால் கெடுதலும்கூட. பிளாட்டிக்கும் இதே தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியை மோலி உதட்டைக் குவித்துக் குவித்துச் சுரண்டித் தின்னும். ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாகப் போகும், போன வழி தெளிவாகத் தெரியும்.

ஸீப்ரா டேனியோ நம் நாட்டு மீன். கங்கைச் சமவெளியின் வயல், ஓடைகளில் இருப்பது. 1822-ல் ஸ்காட்லாந்து இயற்கை ஆய்வாளர் ஹாமில்டன் பெயர் வைத்துப் பதிவு செய்தது. எந்தத் தண்ணீருக்கும் ஒத்துப்போகும், மேல்மட்டத்தில் கூட்டமாகச் சுற்றும், மோலி நடுவிலும் கீழும் மேயும். ஆகவே இடத்துக்குச் சண்டை இல்லை. கப்பியை மட்டும் சேர்க்க வேண்டாம். அந்தப் பெரிய வாலை வைத்துக்கொண்டு டேனியோவின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது.

இந்தக் கூட்டணியின் குறை, பெருக்கம். மோலி, பிளாட்டி இரண்டும் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வைத்தால் பெண்களுக்கு ஓயாத துரத்தல் இருக்காது. “பெண் மட்டும் வாங்கினால் போதுமே” என்பவர்களுக்கு: கடையிலிருந்து வருவதே பெரும்பாலும் சினையாகத்தான் வரும், ஒருமுறை இணைந்ததை வைத்துப் பல மாதம் குட்டி போடவும் அதனால் முடியும். குட்டிகளில் ஒரு பகுதியைப் பெரிய மீன்கள் தின்றுவிடும். மிச்சத்தைக் கடைக்குக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து, அலுத்துப்போனவர்கள் கைவிட்டு, இப்போது நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. அதை எந்தக் கூட்டணியிலும் சேர்க்க மாட்டேன்.

இன்னொன்று. கடினத் தண்ணீரில் பெரும்பாலும் பி.எச். அதிகம், அதாவது காரத்தன்மை கூடுதல். பி.எச்.சும் சூடும் கூடினால், மீன் கழிவில் வரும் அமோனியா அதிக நஞ்சாகும். அதனால் மோலி எதையும் தாங்கும் என்று தீனியை வாரிக் கொட்டக் கூடாது. எங்கள் அளவுத் தொட்டிக்கு மோலி நாலு, பிளாட்டி நாலு, டேனியோ எட்டு என்று தொடங்கினால் குட்டிகளுக்கும் இடம் இருக்கும். ஸ்பாஞ்ச் பில்டர் இரவு பகல் ஓட வேண்டும்.

மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியம் தருவது) மட்டும் வரும் வீடு என்றால் கணக்கு மாறும். குளோரினை நீக்க ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும், அவ்வளவுதான். அங்கே சோப்பு நன்றாக நுரைக்கிறது என்றால் ஏஞ்சலும் விடோ டெட்ராவும் வைத்துப் பார்க்கலாம். நியானை அப்போதும் ஏஞ்சலோடு விடாதீர்கள்.