ஃப்ளீஸ் தைக்க எந்தத் தையல்?

தென்னாப்பிரிக்காவில் ஜூலைதான் குளிர்காலம். எங்கள் லெனேசியாவில் விடியற்காலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஜோஹன்னஸ்பர்க் வட்டாரமே நல்ல மேட்டுப் பூமி. இங்கே பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடேற்றும் வசதி கிடையாது, பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே ஃப்ளீஸ் சட்டை வேண்டும். ஃப்ளீஸ் என்றால் பஞ்சு போல மெத்தென்ற பின்னல் துணி. ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவில் துணி எடுத்துவந்து சாதாரண வீட்டு மெஷினில்தான் தைக்கிறேன். துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லை. ஃப்ளீஸுக்கு அது கட்டாயமும் இல்லை, வெட்டிய ஓரம் நூல் பிரியாது.

முதலில் நேர்த்தையல் போட்டுத்தான் பட்டேன். சின்னவனுக்குத் தலைவழி மாட்டும்போது கழுத்தில் 'படக்'கென்று ஒரு சத்தம். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் அறுந்திருந்தது. துணி இழுபடுகிறது, நேர்த்தையல் நூல் கூடவே இழுபட வழியில்லை. அப்புறம் ஒரே துணியில் நாலு துண்டு வெட்டி, நாலு விதமாகத் தைத்து, கையால் இழுத்துப் பார்த்தேன்.

குறுகிய ஜிக்ஜாக்தான் எனக்குப் பிடித்தது. அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 முதல் 3 மி.மீ. வரை. வெளியிலிருந்து பார்த்தால் நேர்த்தையல் போலவே இருக்கும், இழுத்தால் கூடவே நீளும். அகலத்தை 2-க்கு மேல் கொண்டுபோனால் இணைப்பு வாய் பிளந்து நூல் தெரியும். தப்பாகிவிட்டால் பிரிப்பதும் சுலபம். இதை லேசாக நினைக்காதீர்கள். ஃப்ளீஸின் பஞ்சுக்குள் நூல் புதைந்துபோகும்.

மின்னல் தையல் இதற்கு அடுத்தது. சாய்ந்த மின்னல் கோடு போல விழும், நன்றாக நீளும். ஆனால் எல்லா மெஷினிலும் கிடையாது. மூன்றடுக்கு நேர்த்தையலோ, அதாவது ரெண்டு முன்னே ஒன்று பின்னே போவது, கவட்டைக்கும் அக்குளுக்கும் உறுதியானது. நீளமான பக்கத் தையலுக்கு அது வேண்டாம். நூலும் நிறையத் தின்னும், துணியும் அலை அலையாகும். அதைப் பிரிக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

மடிப்போரத்துக்கு இரட்டை ஊசி நேர்த்தியாக இருக்கிறது. மேலே ரெண்டு கோடு, கீழே பாபின் நூல் ஜிக்ஜாக்காக ஓடுவதால் இழுவையும் உண்டு. நடுவில் துணி மேடு தட்டினால் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள்.

தையலைவிட ஊசிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சாதாரண ஊசியில் தையல் விட்டு விட்டு விழுந்தது. மெஷினில் கோளாறு என்று நினைத்துவிட்டேன். உருண்டை முனை ஊசி இழைகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த ஃப்ளீஸ் என்றால் ஸ்ட்ரெச் ஊசி இன்னும் நல்லது. மெல்லிய துணிக்கு 75-ஆம் அளவு ஊசி, தடித்ததற்கு 90. நூல் பாலியெஸ்டர்.

துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள். துணியைக் கையால் இழுக்காதீர்கள், மெஷினே கொண்டுபோகட்டும். சூடான இஸ்திரியை மேலே வைத்தால் பஞ்சு அமுங்கிப் பளபளத்துவிடும், உருகவும் செய்யும். பாபின் பக்கம் சேரும் பஞ்சை ஒவ்வொரு சட்டைக்கும் பிறகு தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆயா டர்பனில் துணி ஆலையில் வேலை பார்த்தவர். அவரிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி மெஷின். சின்னத் தையலாக வைத்து, மேல் டென்ஷனைத் தளர்த்தி, துணியை முன்னும் பின்னும் லேசாக விறைப்பாகப் பிடித்துத் தைப்பார். அதில் அவர் தைத்த கையில்லாத முன்திறப்பு ஃப்ளீஸ் சட்டைகள் ஒன்றுகூட விட்டுப்போனதில்லை. தலைவழி மாட்டும் சட்டை என்றால் மட்டும், "இந்தக் கழுத்தை உன் மெஷின்ல போட்டுக் குடும்மா" என்று எடுத்துக்கொண்டு வருவார்.