கோப்புறைகள்தோறும் நகலெடுத்துத் திருத்த: ஷெல் ஸ்கிரிப்டா, பைத்தானா?

ஒரே அமைப்புக் கோப்பைப் பல கோப்புறைகளுக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஓரிரு வரிகளை மட்டும் மாற்றிவைக்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு), பைத்தான் நிரல்மொழி இரண்டிலும் அதைச் செய்து பார்த்த பிறகு, ஷெல் ஸ்கிரிப்டையே நிலையாகக் கைக்கொண்டேன். நகலெடுக்க ஷெல்லில் சிபி, ஆர்சிங்க் கட்டளைகள் இருப்பதைப் போலவே பைத்தானில் ஷட்டில் தொகுதி இருக்கிறது. வேகத்தைப் பொறுத்தும் இத்தகைய சிறு கோப்புகளுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது, எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன்பே எவையெல்லாம் மாறப்போகின்றன என்பதை எவ்வளவு எளிதாகக் காண முடிகிறது என்பதுதான். ஆர்சிங்க் கட்டளையுடன் '-என்', '-வி' தெரிவுகளைச் சேர்த்தால், அது எதையும் எழுதாமல், நகலாகவிருக்கும் கோப்புகளின் பட்டியலை மட்டும் காட்டும். மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலிருந்து அழிக்கும் '--டெலிட்' தெரிவைப் பயன்படுத்துவோர் இந்த ஒத்திகையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் அதன் உள்ளடக்கம் மட்டும் நகலாகும், இடாவிட்டால் அந்தக் கோப்புறையே இலக்கினுள் போய் அமரும் என்ற நுட்பமான வேறுபாடும் ஒத்திகையிலேயே வெளிப்பட்டுவிடும். திருத்தத்திலும் இதே வசதி உண்டு: உரையை வரிவரியாக மாற்றும் செட் கட்டளையை, கோப்பையே திருத்தும் '-ஐ' தெரிவு இல்லாமல் ஓட்டினால், கோப்பு மாறாமல் விளைவு திரைக்கு வரும், அதை இரு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கட்டளைக்கு அனுப்பினால், மாறும் வரிகள் மட்டும் தனித்துத் தெரியும். பைத்தானிலும் இத்தகைய ஒத்திகையை அமைக்கலாம், ஆனால் அதை நாமே எழுத வேண்டும், எழுதியதை நாமே பராமரிக்கவும் வேண்டும்.

ஷெல்லில் கவனம் தேவைப்படும் இடங்களும் உள்ளன. லினக்ஸில் உள்ள குனு செட் (செட்டின் குனு திட்டப் பதிப்பு) '-ஐ' தெரிவைத் தனியாக ஏற்கும். மேக்கில் உள்ள செட் அதனுடன் காப்புப் பிரதிக்கான பின்னொட்டையும் கேட்கும். மேலும், குனு செட் புதிய கோப்பை எழுதிப் பழையதன் இடத்தில் வைப்பதால், சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஒன்றின் மீது '-ஐ' பயன்படுத்தினால், அந்த இணைப்பு போய்ச் சாதாரணக் கோப்பு நிற்கும். ஆகவே, நகலெடுத்த பின் அதே இடத்தில் திருத்துவதைவிட, மாறாத வார்ப்புருக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை செட் வழியாகச் செலுத்தி இலக்குக் கோப்பை உருவாக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் அப்போது ஒரே விளைவுதான் கிடைக்கும்.

கோப்புப் பெயர்களில் இடைவெளி இருக்கலாம் என்பதால், மாறிகளை எப்போதும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். அதே காரணத்தால், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் விளைவை, அதை வேறொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்பும்போது முன்னதில் '-பிரிண்ட்0', பின்னதில் '-0' தெரிவு தேவை. பைத்தானில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விண்டோஸில் இவ்வேலையைச் செய்த அனுபவம் எனக்கில்லாததால், இங்குச் சொன்னவற்றை லினக்ஸுக்கும் மேக்குக்கும் உரியனவாக மட்டும் கொள்க. ஜேசான், யாமல் போன்ற, புலங்களை அடுக்கடுக்காக வைக்கும் வடிவக் கோப்புகளில் ஆழமான ஒரு மதிப்பை மாற்ற வேண்டியிருந்தால் நானும் பைத்தானையே நாடுகிறேன். செட் வரிகளைத்தான் பார்க்கும், ஒரே பெயருடைய புலம் இரண்டு இடங்களில் வந்தால் எது எந்தப் பகுதிக்கு உரியது என்பதை அது அறியாது.