சிவப்பு ஓரியன்டல் பாப்பி: மூன்று வாரப் பூவும் மீதி வருடமும்

ஓரியன்டல் பாப்பி என்ற பல்லாண்டுப் பூச்செடியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு விஷயம்தான் கேட்பேன். நாள் முழுக்க வெயில் விழும் இடம் இருக்கிறதா? ஜூலையில் அந்த இடம் காலியாகிவிடும், அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பல வருடங்களாக வளர்க்கிறேன். என் பாத்தியில் இதைப்போல் ஆளை நிறுத்தி வைக்கும் பூ வேறொன்று இல்லை.

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கே ஹாரோவில் இருக்கிறது. இங்கே மண் சுத்தக் களிமண். குளிர்காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். தெற்கு பார்த்த வேலியை ஒட்டி நீளமாக ஒரு பல்லாண்டுச் செடிப் பாத்தி. அதன் நடு வரிசையில்தான் பாப்பிகள். நான் வைத்திருப்பது 'பியூட்டி ஆஃப் லிவர்மியர்' என்ற ரகம். ஆழ்ந்த ரத்தச் சிவப்பு, இடுப்புக்கு மேல் வளரும். களிமண்ணில் இது நிற்குமா என்று பலரும் கேட்கிறார்கள். நிற்கும், ஆனால் தண்ணீர் வடிய வேண்டும். இந்தச் செடியைக் கொல்வது குளிர் இல்லை, குளிர்காலத்து ஈரம். நடும்போது பொடிச் சரளையும் கம்போஸ்டும் தாராளமாகக் கலந்து, பாத்தியையே தரைமட்டத்துக்கு மேல் ஒரு கை உயரம் தூக்கிவிட்டேன். உரம் என்று தனியாக எதுவும் போடுவதில்லை. உரம் அதிகமானால் தண்டு கொழுத்துச் சாயும்.

இதன் வருடம் வசந்தத்தில் தொடங்குவதில்லை, செப்டம்பரில் தொடங்குகிறது. மற்றச் செடிகள் ஓய்ந்துபோகும் நேரத்தில் இது புது இலை விடும். வெட்டு வெட்டான, சொரசொரவென்று வெள்ளை மயிர் படர்ந்த இலைகள். மாலையில் வெயில் சாய்வாக விழும்போது அந்த மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். அந்த இலைக்கொத்து உறைபனியிலும் பச்சையாகவே கிடக்கும். மார்ச் முடிவதற்குள் பெரிய கூடை அளவுக்குப் பரவிவிடும், அதனால் பக்கத்துச் செடிக்கு முழங்கை நீளமாவது இடம் விட்டு நடுங்கள்.

ஏப்ரலில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். மொட்டு வந்த பிறகு குச்சி தேடினால் வேலைக்காகாது. கம்பி வளையத்துக்குள் செடி தானாக ஏறி வளரும்படி வைப்பது சுலபம். எனக்குப் பிடித்தது ஹேசல் குச்சிகளைச் சுற்றிலும் குத்தி மேலே வளைத்துக் கட்டுவது; இரண்டு வாரத்தில் இலை மூடிவிடும், குச்சி வெளியே தெரியாது.

அப்புறம் மே கடைசியில் பூக்கத் தொடங்கும். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். மொட்டு கோழிமுட்டை பருமன், மேலெல்லாம் முரட்டு மயிர். திறப்பதற்கு முந்தைய நாள் பச்சை உறையில் ஒரு கீறல் விழும், அதில் சிவப்பு கோடாகத் தெரியும். விடிந்ததும் உறை தொப்பி கழன்றதுபோல் ஒரு பக்கமாகத் தொங்கும், கொஞ்ச நேரத்தில் கீழே விழுந்துவிடும். இதழ்கள் கசங்கிக் கசங்கி வெளியே வரும். வெயில் ஏற ஏறச் சுருக்கம் விரிந்து, மதியத்துக்குள் விரித்த கை அளவுக்குப் பூ நிற்கும். உள்ளே எட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு இதழின் அடியிலும் கறுப்புத் திட்டு, நடுவில் கதிர் கதிராக வரி போட்ட ஒரு வட்டத் தகடு, அதைச் சுற்றிக் கருஊதா நிற மகரந்தத் தாள்கள். பாப்பியில் தேன் கிடையாது. பம்பிள் தேனீக்கள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. அந்தக் கறுப்புக் கூட்டத்துக்குள் புகுந்து, படுத்து, சுற்றிச் சுற்றி வந்து, காலில் கரும்பொடி அப்பிக்கொண்டு வெளியே வரும். காலையில் தேநீர் ஆறிப்போகும் வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு பூ சில நாள்தான் தாங்கும். செடி மொத்தமாக மூன்று வாரம் பூக்கும். நடுவில் பலத்த மழையும் காற்றும் வந்தால் அதுவும் குறையும். இதைக் குறையாக எண்ணுபவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் நடக் கூடாது. ஜூன் முடியும்போது இலைகள் மஞ்சளாகிப் பழுப்பாகி அப்படியே படுத்துவிடும். முதல் முறை பார்ப்பவர்கள் செடி செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடுகிறார்கள். சாகவில்லை, உறங்குகிறது.

ஏன் உறங்குகிறது என்பது இதன் சொந்த ஊரைப் பார்த்தால் புரியும். பதினான்காம் லூயி மன்னர் கீழைநாடுகளுக்கு அனுப்பிய தாவரவியலாளர் துர்ன்ஃபோர், 1700 முதல் 1702 வரை நடந்த பயணத்தில் இதைக் கண்டு பாரிஸுக்குக் கொண்டுபோனார். கிழக்குத் துருக்கி, ஆர்மீனியா, காகசஸ், வட ஈரான் மலைச்சரிவுகள்தான் இதன் இருப்பிடம். பனி உருகும் ஈரத்தில் வேகமாக வளர்ந்து பூத்து, கோடை வறட்சி வரும்போது மேலே உள்ளதைக் காயவிட்டு, ஆணிவேருக்குள் ஒடுங்கிக்கொள்ளும் செடி. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதன்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது என் பாத்தியில் ஃப்ளாக்ஸ் கருகியது, ஹைட்ரேஞ்சியா தொங்கிப்போனது. பாப்பிக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. செப்டம்பரில் வழக்கம்போல் இலை விட்டது.

எனவே பூ முடிந்ததும் இலை, தண்டு எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடுகிறேன். கேள்வி அந்த வெற்றிடம். புகழ்பெற்ற ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜெக்கில் அம்மையார் பாப்பிக்குப் பின்னால், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூக்கும் ஜிப்சோஃபிலாவை வைத்து இடத்தை மூடினார். ஜிப்சோஃபிலாவும் பூத்து முடிந்ததும் அதன் மேல் நஸ்டர்ஷியம் கொடியை ஏற்றினார். அருமையான யோசனை, ஆனால் என் களிமண்ணில் ஜிப்சோஃபிலா பிழைக்கவில்லை. எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று 'ரோசான்' ஜெரேனியம்: ஜூனில் தொடங்கி நான்கு பக்கமும் கைநீட்டிப் படர்ந்து, நீலப் பூவோடு அக்டோபர் வரை மூடி வைக்கும். இன்னொன்று, தொட்டியில் தயாராக வளர்த்து வைத்திருக்கும் டாலியா: பாப்பியை வெட்டிய அன்றே தொட்டியோடு கொண்டுவந்து வெற்றிடத்தில் வைத்துவிடுவேன். வேரைத் தொடாமல் வைக்க இதுவே நல்ல வழி. முன்வரிசையில் கேட்மின்ட் என்ற தாழ்வாக அடர்ந்து வளரும் செடி இருந்தால் காயும் இலையும் கண்ணில் படாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு நர்சரியிலிருந்து தபாலில் வரவழைத்த செடி, அட்டையில் அதே ரகப் பெயர் இருந்தும், பூத்தபோது செங்கல் ஆரஞ்சாக நின்றது. விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளில் நிறம் மாறும். அப்படி மாறியதால்தான் இந்த இனத்துக்கே புது நிறங்கள் வந்தன. என்ஃபீல்டில் நர்சரி வைத்திருந்த ஏமஸ் பெர்ரி 1906-ல் தன் நாற்றுகளுக்கு நடுவே சால்மன் நிறத்தில் ஒன்றைக் கண்டு 'மிஸஸ் பெர்ரி' என்று தன் மனைவி பெயரில் வெளியிட்டார். அவருக்கு அது அதிர்ஷ்டம். குறிப்பிட்ட சிவப்புக்காகப் பணம் கொடுப்பவர்கள் மே மாதம் பூவோடு பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வேர்த்துண்டிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள்.

வேர்த்துண்டு போடுவது நாமே செய்யக்கூடியதுதான். நவம்பர், டிசம்பரில் செடியின் ஓரமாகத் தோண்டி, பென்சில் கனத்தில் ஒரு வேரை எடுத்து, விரல் நீளத் துண்டுகளாக நறுக்க வேண்டும். மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் அபாயம் இல்லை. சரளை கலந்த மண்ணில் செங்குத்தாகச் செருகி வைத்தால் வசந்தத்தில் துளிர்க்கும். தாய்ச்செடியின் அதே சிவப்பு அப்படியே வரும். முழுச்செடியை இடம் மாற்றுவதாக இருந்தால் ஆகஸ்டில், உறக்கத்தில் இருக்கும்போது மாற்றுங்கள். பழைய இடத்தில் அறுந்து தங்கும் வேரிலிருந்தும் புதுச்செடி முளைக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து வந்த பெரியம்மா காயைப் பார்த்துப் பதறிவிட்டார். "அபினிச் செடியையா வச்சிருக்கே? போலீஸ் வராதாடி?" என்றார். வராது. அபினியும் நம் கசகசாவும் வருவது வேறு இனத்திலிருந்து; அது ஒரு வருடச் செடி, இலை மயிரில்லாமல் சாம்பல் பச்சையாக இருக்கும். இது அழகுக்காக வளர்க்கும் பல்லாண்டுச் செடி. ஆனால் இதன் விதையைக் குருமாவுக்கு எடுக்கக் கூடாது, செடியில் நச்சு உண்டு. போரில் இறந்தவர்கள் நினைவாக நவம்பரில் இங்கே சட்டையில் குத்திக்கொள்கிறார்களே, அது மூன்றாவது வகை, வயல் பாப்பி.

ஜாடியில் வைக்க ஆசையென்றால், கீறல் விட்ட மொட்டாக வெட்டி, தண்டின் நுனியை அரை நிமிடம் கொதிநீரில் முக்குங்கள். பால் வடிவது நிற்கும், பூ இரண்டு மூன்று நாள் தாங்கும். நத்தை எங்கள் செடியைப் பெரிதாகத் தொட்டதில்லை. கறுப்பு அசுவினி சில வருடம் மொட்டுக் காம்பில் வரும். தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும்.

பாத்தி சின்னது, நாலைந்து செடிக்குத்தான் இடம் என்பவர்களுக்கு 'பியூட்டி ஆஃப் லிவர்மியர்' ஒத்துவராது. முழங்கால் உயரத்துக்குள் நிற்கும் 'அலெக்ரோ' இருக்கிறது. செந்தணல் சிவப்பு, முட்டு வேண்டாம், கோடையில் அது விடும் வெற்றிடமும் சின்னது. ஒரு கேட்மின்ட் போதும் அதை மூட.