குடியரசுப் படையா, பேரரசுப் படையா: மேசைப் போருக்கு ஒரு ரோமானியச் சேனை

சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்காக ரோமானியப் படை ஒன்றைத் திரட்ட நினைப்பவரின் மனத்தில் முதலில் வந்து நிற்பவன், பட்டை பட்டையான இரும்புக் கவசமும் வளைந்த செவ்வகக் கேடயமும் தாங்கிய பேரரசுக் கால வீரனே. அவனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டு கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை எதிர்கொண்ட குடியரசுக் காலப் படை, கடை அலமாரியில் அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை. ஆயினும் முதல் படையாகத் தொகுப்பதற்கு நான் பரிந்துரைப்பது குடியரசுப் படையைத்தான். உருவங்களைத் தயாரிக்கும் விக்ட்ரிக்ஸ் நிறுவனம் இரண்டையுமே 28 மி.மீ. அளவில், கடினப் பிளாஸ்டிக்கில் தருகிறது என்பதால் கிடைப்பது எளிதா அரிதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

குடியரசுப் படையின் கவர்ச்சி அதன் பல்வகைமையில் இருக்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தரும் கணக்கின்படி ஒரு லீஜியனில், அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவில், முதல் வரிசையான ஹஸ்தாத்தி 1,200 பேர், இரண்டாம் வரிசையான பிரின்சிப்பெஸ் 1,200 பேர், மூன்றாம் வரிசையான டிரியாரி 600 பேர், இலகுக் காலாட்களான வெலிட்டெஸ் 1,200 பேர், இவர்களோடு 300 குதிரை வீரர்கள். முதலிரு வரிசையினரிடம் எறியீட்டி, மூன்றாம் வரிசையினரிடம் நீண்ட குத்தீட்டி, முன்னே ஓடும் வெலிட்டெஸ் சிலரின் தலைக்கவசத்தின் மேல் ஓநாய்த் தோல் என்று ஒவ்வொரு பிரிவும் தனித் தோற்றம் கொண்டது. 'டிபிஏ' என்ற மேசைப் போர் விதித்தொகுப்பில் இது ஆறு தளங்கள் (சில உருவங்களை ஒன்றாக ஒட்டும் அடித்தட்டுகள்) ஹஸ்தாத்தியும் பிரின்சிப்பெஸும், இரண்டு டிரியாரி, இரண்டு வெலிட்டெஸ், இரண்டு குதிரைப்படை என்று பன்னிரண்டு தளங்களில் அடங்கிவிடுகிறது. 36 காலாட்களும் 6 குதிரை வீரர்களும் இருந்தால் போதும், ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

வண்ணம் பூசுவதில் மட்டும் பேரரசுப் படைக்கே முன்னுரிமை தர வேண்டும். கறுப்புப் பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் எஃகு வண்ணம், அதன் மேல் பள்ளங்களில் தேங்கும் நீர்த்த கரும் வாஷ், பட்டைகளின் விளிம்பில் மெல்லிய வெள்ளிக் கோடு என்ற மூன்றே படிகளில் கவசம் முடிந்துவிடும். எல்லா வீரரும் ஒரே அச்சில் இருப்பதால் இருபது உருவங்களை வரிசையாக நிறுத்தி ஒரே மூச்சில் முடிக்கலாம். குடியரசு வீரர்களிடம் அந்த வேகம் செல்லாது. சொத்து மதிப்பு 10,000 திராக்மாவுக்கு (கிரேக்க வெள்ளி நாணயம்) மேற்பட்டவர்கள் மட்டுமே சங்கிலிக் கவசம் அணிந்தனர்; மற்றவர்கள் ஒரு சாண் அளவுள்ள வெண்கலத் தகட்டை மார்பில் கட்டிக்கொண்டனர். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் தோல் வார்கள் துணியின் மேல் குறுக்காக ஓடுவதால், கை நடுங்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே தீட்ட வேண்டியிருக்கும். இன்னொரு தொல்லை தலைக்கவச இறகுகள். ஏறத்தாழ ஒரு முழ உயரம் என்று பொலிபியஸ் சொல்லும் அந்த மூன்று இறகுகள் இந்த அளவில் ஏழெட்டு மில்லிமீட்டர் வரும். பிளாஸ்டிக்கில் அவைதாம் முதலில் ஒடியும். உருவத்தைத் தளத்தைப் பிடித்தே எடுக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

கேடயத்தைப் பொறுத்தவரை பேரரசுப் படையின் செவ்வக வளைவில் டெக்கல் (கேடயச் சித்திரம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டும்போது சுருக்கம் விழும். டெக்கலை மென்மையாக்கும் திரவம் இல்லாமல் அதை வழிக்குக் கொண்டுவருவது கடினம்.

பேரரசுப் படையை வாங்குவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது, லீஜியன்களோடு சேர்ந்து போரிட்ட துணைப்படைகளை. கி.பி. 83 அல்லது 84இல் பிரித்தானியாவில் நடந்த மோன்ஸ் கிராப்பியஸ் போரில் ரோமானிய ஆளுநர் அக்ரிகோலா 8,000 துணைப்படைக் காலாட்களை முன்னிறுத்தி, லீஜியன்களைப் பின்னால் நிறுத்திவைத்தே வென்றார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். எனவே சங்கிலிக் கவசமும் தட்டையான நீள்வட்டக் கேடயமும் கொண்ட துணைப்படையினர் தொகுப்பில் பாதியளவாவது இருந்தால்தான் அது பேரரசுப் படை. வெறும் பட்டைக் கவசக் கூட்டம் அணிவகுப்புக்கு அழகு, அவ்வளவே.

என் தீர்ப்பைக் குடியரசின் பக்கம் சாய்ப்பது அதன் மறுபயன்பாடு. கார்த்தேஜ், மாசிடோனியா, செலூசிட் பேரரசு, கால் (Gaul) இனத்தார் என்று எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கி.மு. 216இல் கன்னே போரில் ஹன்னிபாலின் லிபியக் காலாட்கள் முந்தைய போர்களில் கைப்பற்றிய ரோமானிய ஆயுதங்களையே தாங்கி நின்றனர். ஆகவே எதிரில் கார்த்தேஜ் படையைத் திரட்டும் நண்பருக்குச் சில தளங்களை இரவலாகக்கூடத் தரலாம். சங்கிலிக் கவசம் அணிந்தவர்களை இறகில்லாமல் ஒட்டினால் சீசரின் படையாகவும் அவர்களை நிறுத்த முடியும். பேரரசர் டிராஜனின் பட்டைக் கவச வீரர்களை அப்படிப் பின்னோக்கி நகர்த்த இயலாது.

எதிரில் ஏற்கெனவே, டிராஜன் போரிட்டு வென்ற டாசியரின் படை ஒன்று தயாராக இருக்குமானால், இந்தக் கணக்கு மாறும்; அப்போது பேரரசுப் படையைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பவர் பட்டைக் கவச வீரர்களிடையே சங்கிலிக் கவசமும் செதில் கவசமும் வலக்கையில் கைக்கவசமும் அணிந்தவர்களையும் கலந்துகொள்ளட்டும்: டாசியப் போர்களின் நினைவாக கி.பி. 109இல் இன்றைய ருமேனியாவின் ஆதாம்கிளிசியில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தின் சிற்பங்களில் ரோமானியர்கள் அந்தக் கோலத்தில்தான் போரிடுகிறார்கள்.