வக்கீல் ஆபீஸா, கோர்ட் ஸ்டெனோவா?

டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நிற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் சட்டத்துறைக்குள் நுழைய வழி இருக்கிறது: வக்கீல் ஆபீஸ், கோர்ட்டில் ஸ்டெனோ (பேசுவதை ஷார்ட்ஹேண்ட் என்ற சுருக்கெழுத்தில் எடுத்து டைப் செய்பவர்), சென்னையில் இருக்கும் லா ஃபர்ம் (வக்கீல்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனம்), எல்.பி.ஓ. கம்பெனி (சட்ட வேலைகளை வெளியிலிருந்து வாங்கிச் செய்து தரும் இடம்). ஆனால் உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

வக்கீல் ஆபீஸில் சேர எந்தப் பரீட்சையும் கிடையாது. தமிழும் இங்கிலீஷும் தப்பில்லாமல் அடிக்கத் தெரிந்தால் நாளைக்கே வரச் சொல்வார்கள். சம்பளத்தில் மட்டும் ஆபீஸை நடத்தும் சீனியர் வக்கீல் வைத்ததுதான் சட்டம். ஊருக்கு ஊர், ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும், மாதாமாதம் ஒரே தேதியில் வருமா என்பதும் சந்தேகம்தான். அதற்குப் பதிலாகக் கிடைப்பது தொழில். பிளெயின்ட் (வழக்கு மனு) அடிப்பது பாதி வேலை என்றால், கோர்ட் அதை ஏற்று நம்பர் கொடுக்கும்வரை விரட்டுவது மீதி வேலை. காலையில் ஃபைல் செய்த கட்டு ரிட்டர்ன் ஆகி வரும்: சொத்து விவரத்தில் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை, அடித்தல் திருத்தத்துக்குக் கையெழுத்து இல்லை, கோர்ட் ஃபீ குறைகிறது. இதையெல்லாம் சரிசெய்து, கெடு தாண்டுவதற்குள் திரும்பப் போட வேண்டும். கூடவே பேட்டா (சம்மன் அனுப்பும் செலவு) கட்டுவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது. இப்போது இ-ஃபைலிங்கும் சேர்ந்துகொண்டதால், ஸ்கேன் செய்து புக்மார்க் போட்டு பி.டி.எஃப். ஏற்றத் தெரிந்த குமாஸ்தாவுக்குத் தனி மவுசு.

ஓய்வு பெற்றால் பென்ஷன் கிடையாது. வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நல நிதி இருக்கிறது, அவ்வளவுதான்.

கோர்ட் ஸ்டெனோ இதற்கு நேர் எதிர். நுழைவதுதான் கஷ்டம், நுழைந்துவிட்டால் பிறகு அரசு ஊழியர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் ஸ்டெனோ டைப்பிஸ்ட் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படியெல்லாம் அதற்கு மேல். நீதித்துறைக்கும் இந்தப் பரீட்சை வழியாக ஆள் எடுக்கிறார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு பி.ஏ. (பர்சனல் அசிஸ்டென்ட்) ஆகப் போனால் தொடக்கமே 56,100 ரூபாய், ஆனால் அதற்கு டிகிரியும் வேண்டும், ஷார்ட்ஹேண்டில் கை நன்றாக ஓடவும் வேண்டும்.

சிக்கலே அந்த ஷார்ட்ஹேண்டில்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் ஹையரில் நிமிடத்துக்கு 45 வார்த்தை, ஆறு மாதம் ஒழுங்காக இன்ஸ்டிடியூட் போனால் வந்துவிடும். ஷார்ட்ஹேண்ட் ஹையரில் 120 வார்த்தை, அது வேறு கதை. 80-இல் லோயர் பாஸ் செய்துவிட்டு, 100-க்கு மேல் ஏற முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். கூடவே கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்ட்டிஃபிகேட்டும் கேட்பார்கள். ஆனால் இந்த வடிகட்டிதான் சாதகமும். டைப்பிஸ்ட் பதவிக்கு முட்டி மோதும் கூட்டம் ஸ்டெனோ பக்கம் கிடையாது, இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர் கையில் இருக்கும் சீட்டுக்கு மதிப்பே தனி.

மெஷின் வந்து ஸ்டெனோ வேலையைத் தின்றுவிடாதா என்று கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியிலேயே அரசியல் சாசன அமர்வின் விசாரணையைக் கம்ப்யூட்டர் மூலம் எழுத்தாக்கிப் பார்த்துவிட்டது, பயம் நியாயமானதுதான். ஆனால் முன்சீப் கோர்ட்டில் சாட்சி பேசும் கொங்குத் தமிழையும், பட்டா நம்பரையும், நடுவில் வக்கீல் போடும் அப்ஜெக்‌ஷனையும் பிரித்து எழுத இன்னும் ஆள் வேண்டும். புது நியமனம் குறையலாம், இருக்கிற வேலை ஒரே நாளில் போய்விடாது என்பது என் கணிப்பு.

மற்ற இரண்டும் சுருக்கமாக. லா ஃபர்மில் இங்கிலீஷும் எக்செலும் பேசும், சம்பளம் வக்கீல் ஆபீஸைவிட மேல், ஊர் சென்னைதான். எல்.பி.ஓ.வில் பெரும்பாலும் சட்டப் படிப்பு முடித்தவர்களையே தேடுகிறார்கள், டைப்பிங்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அப்புறம், "லீகல் செக்ரட்டரி டிப்ளமோ" என்று பெரிய ஃபீஸ் கேட்கும் இடங்கள்: அந்தத் தாளைக் குரூப் 4 மதிக்காது, உள்ளூர் வக்கீலும் கேட்க மாட்டார். பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாக இருக்கும் வேலைக்கான படிப்பு, படித்தே ஆக வேண்டும் என்றால் இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) டிப்ளமோ இருக்கிறது.

என்னைக் கேட்டால், பகலில் வக்கீல் ஆபீஸ், காலையிலோ சாயந்திரமோ ஷார்ட்ஹேண்ட் கிளாஸ். சேரும்போதே சீனியரிடம் சொல்லிவிடுங்கள், "சார், ஆறு மணிக்கு கிளாஸ் இருக்கிறது" என்று. அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆபீஸ் என்றால் அடுத்த ஆபீஸ் பாருங்கள், கோர்ட் வாசலில் ஆள் தேடாத வக்கீலே கிடையாது.