‘மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்ற வரியை நம்பி முழுப் பணம் கட்டாதீர்கள்

டிஸ்கோ, ஹௌஸ் நடன இசையின் வினைல் தட்டுகளை முன்பதிவு செய்து வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை வேறு யாரும் செய்யலாம்.

எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு டிஸ்கோ பாட்டின் 12 அங்குலத் தட்டைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆன்லைன் கடையின் புது வெளியீடுகளில் அதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. “அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து ரீமாஸ்டர் செய்தது, 180 கிராம், 300 பிரதிகள் மட்டுமே, ஆறு வாரத்தில் அனுப்பப்படும்” என்று போட்டிருந்தார்கள். மாஸ்டர் டேப் என்றால் ஸ்டூடியோவில் உருவான மூல ஒலிநாடா. முழுத் தொகையையும் அன்றைக்கே கட்டினேன்.

ஆறு வாரம் ஏழு மாதமாக நீண்டது. கேட்டபோதெல்லாம் “அச்சிடும் ஆலையில் நெரிசல்” என்று பதில் வந்தது. நம்பினேன், ஏனென்றால் அதில் உண்மை உண்டு. தட்டுக்கு அச்சு தயாரிக்க ஒலியை முதலில் வெட்டிப் பதிக்கும் லாக்கர் தகடுகளைச் செய்துவந்த மிகச் சில ஆலைகளில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பது வினைல் வாங்குபவர்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தட்டு வந்தது. தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் எழுத்துகள் மங்கியிருந்தன. பழைய லேபிளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஊசியை வைத்தேன். வயலின்கள் நீண்டு ஒலிக்கும் இடத்தில் சுருதி மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. சரியாக அந்தக் கணக்கில்தான் ஆட்டம். ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் இடமும் வலமும் அசைவது கண்ணுக்கே தெரிந்தது. நடுத்துளை மையம் தப்பியிருந்தது.

சரி, இது நல்ல நிறுவனத்தின் தட்டிலும் எப்போதாவது நடக்கும். மாற்றிக் கொடுத்தால் போதும் என்றிருந்திருப்பேன். ஆனால் டிரம்ஸில் ஜோடித் தகடுகளான ஹை-ஹாட்டின் ஒலி மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. டிஸ்கோவுக்கு உயிரே இரண்டு கிக் (பெரிய டிரம்) அடிக்கு நடுவில் திறந்து மூடும் அந்த ‘ட்ஸ்ஸ்’தானே. இதில் அது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழைந்து கேட்டது. கணினியில் பதிவு செய்து பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல ஒன்றுமே இல்லை. 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பில் வழக்கமாகப் பார்ப்பது இது. தட்டு வெட்டும்போது உச்ச ஒலிகளைக் கொஞ்சம் வடிகட்டுவதும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இணையத்தில் யாரோ எப்போதோ பதிவேற்றிய அதே பாட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். இரண்டாம் நிமிடத்தில், பாடகி மூச்சு வாங்கும் இடத்தில், பழைய தட்டின் கீறலால் ஒரு ‘டக்’. என் புதுத் தட்டிலும் அதே இடத்தில் அதே ‘டக்’. எங்கே இருக்கிறது மாஸ்டர் டேப்?

போதாததற்கு, ஒரு பக்கத்தில் மூன்று பாட்டுகள், இருபது நிமிடத்துக்கு மேல். 12 அங்குல சிங்கிள் பிறந்ததே இதற்கு நேர்மாறான காரணத்துக்காக. 1976-ல் சால்சோல் இசை நிறுவனம், டிஜே வால்டர் கிப்பன்ஸ் நடன அரங்குக்காக ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீட்டிய ‘டென் பர்சென்ட்’ பாட்டைப் பெரிய தட்டில் விற்பனைக்கு விட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றால் ஊசி ஓடும் தடங்களுக்கு இடைவெளி கிடைக்கும், ஒலியைப் பலமாக வெட்டலாம், பாஸ் நெஞ்சில் வந்து மோதும். நெருக்கி அடைத்தால் ஒலியளவைக் குறைத்தே ஆக வேண்டும். எனக்கு வந்த தட்டில் கிக் மேசையைத் தட்டுவதுபோல்தான் கேட்டது.

கடைக்கு எழுதினேன். “ஊசியை மாற்றிப் பாருங்கள்” என்றார்கள். மாற்றினேன். நண்பர் ஒருவரின் டர்ன்டேபிளிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஒலிப்பதிவுகளையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: “பிரித்த தட்டைத் திரும்பப் பெறுவதில்லை.” பிரிக்காமல் எப்படிக் கேட்பது? வங்கியிடம் போனால், கார்டு பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டதாம். அந்த ஏழு மாதத் தாமதம் யாருக்கு உதவியது என்று அப்போதுதான் புரிந்தது. பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் இதில் ஒரு காசுகூடப் போயிருக்காது என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் தளமான டிஸ்காக்ஸில் யாரோ இதை ‘அன்அஃபிஷியல்’ (உரிமை பெறாத வெளியீடு) என்று பதிந்துவிட்டார்கள், அதனால் அங்கே விற்க முடியாது. விற்க முடிந்தாலும் தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்ட மாட்டேன்.

இப்போது மறுவெளியீடு எதுவானாலும் உரிமை யாரிடம் வாங்கினார்கள், மாஸ்டரிங் செய்தது யார், எந்த ஆலையில் அச்சாகிறது என்று எழுதிக் கேட்கிறேன். ஒழுங்கான இசை நிறுவனங்கள் சந்தோஷமாகவே சொல்கிறார்கள். பதிவுசெய்த ஒலி மாதிரியைப் போடாத தட்டுக்கு முன்பணம் கட்டுவதில்லை. சொன்ன தேதி தாண்டினால் உடனே ரத்து செய்யச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். 300 மட்டுமே என்று விற்ற அதே தட்டுக்கு ‘இரண்டாம் பதிப்பு’ முன்பதிவு திறந்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் அனுப்பப்படுமாம்.